இரண்டு பேர் நடக்கும் அகலம்

பிர்ச் மரக் கன்றுகளை வெட்டுவதற்கு ஏற்ற காலம் ஜூலை மாதம்தான் என்பதை முதலில் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். பனி உருகியவுடன், இலை துளிர்க்கும் முன்னரே வெட்டினால், ஒரு கன்று நின்ற இடத்தில் மறு ஆண்டு ஐந்து நிற்கும். இலை முற்றிய பிறகு வெட்டினால் வேர் சோர்ந்துவிடும். பாதை வெட்டுகிறவர்களில் பலர் இதை அறியாமல் மே மாதமே அரிவாளோடு கிளம்பிவிடுகிறார்கள். பிறகு காட்டைக் குறை சொல்கிறார்கள்.

காவல் ஆய்வாளர் கார்யுலா அம்மையீர், நடந்ததை என் சொந்த வார்த்தைகளில் எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டீர்கள். தாளும் பேனாவும் காபியும் தந்தீர்கள். நன்றி. வன அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுத்தராக இருந்தேன் என்றாலும், எழுதியவை எல்லாம் பிறர் சொல்லச் சொல்ல எழுதிய கடிதங்கள். எனக்காக நானே எழுதுவது இதுவே முதல் முறை. பிழைகள் இருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் பெயர் தௌனோ ஹாய்க்கோலா. வயது எழுபத்து மூன்று. மணமாகாதவன். ஹௌகி ஏரியின் மேற்குக் கரையில், என் தாயார் விட்டுச்சென்ற மரவீட்டில் ஆண்டு முழுவதும் வசிக்கிறேன். என் சமையலறைச் சன்னலிலிருந்து பார்த்தால் ரெய்னோவும் அவர் மனைவி ஹெல்மி அம்மையாரும் வாங்கிய கோடைக்குடிலின் பின்புறமும், அவர்களுடைய சௌனா என்னும் நீராவிக் குளியலறையும், அதன் பின்னால் தொடங்கும் காடும் தெரியும். காட்டுக்குள் சற்றுத் தொலைவில் ஒரு குன்று. குன்றுக்கு அப்பால் ஒரு சதுப்பு. அந்தச் சதுப்பைப் பற்றித்தான் இந்த வாக்குமூலம்.

தாங்கள் இந்தப் பக்கத்தவர். ஹில்லாப் பழத்தைப் பற்றித் தங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இந்தத் தாள் தலைநகருக்குப் போகும் என்றீர்கள், எனவே எழுதுகிறேன். ஹில்லா சதுப்பில் மட்டுமே விளையும். காயாக இருக்கையில் சிவப்பு, பழுத்தால் பொன்னிறம். பழுத்த பழம் மூன்று நாள் தாங்கும். அதற்குள் பறிக்காவிட்டால் குழைந்து உதிர்ந்துவிடும். எங்கள் பகுதியில் ஒருவரிடம் அவருடைய சம்பளத்தைக் கேட்கலாம், நோயைக் கேட்கலாம், மனைவி ஏன் பிரிந்து போனாள் என்றுகூடக் கேட்கலாம். ஹில்லா எங்கே பறித்தீர்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது. கணவன் மனைவியிடம் சொல்வதில்லை. என் தாயார் என்னிடம் சொன்னதே மருத்துவமனைக் கட்டிலில், செவிலி வெளியே போன பிறகு, காதோடுதான். குன்றுக்குப் பின்னாலுள்ள அந்தச் சதுப்பில் பழம் மற்ற இடங்களைவிடப் பத்து நாள் முன்னதாகவே பழுக்கும். அதுவே அவர் எனக்கு விட்டுச்சென்ற சொத்து.

ரெய்னோ காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நிறையப் பேசுவார். சௌனாவிலிருந்து இடுப்பில் துண்டோடு வெளியே வந்து, ஏரி முழுக்கக் கேட்கும்படி, “யோவ் தௌனோ, உன் பழத்தோட்டத்த எனக்கு உயில் எழுதி வச்சிட்டியாய்யா?” என்று கத்துவார். நானும் சிரித்து வைப்பேன். அவர்மீது எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை. இதைத் தாங்கள் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன், ஜூலை இருபத்தெட்டாம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழு மணிக்கு எட்டு லிட்டர் வாளியோடு புறப்பட்டேன். சதுப்புக்குப் போகும்போது ஒரே வழியில் இரண்டு முறை நான் போவதில்லை, தடம் விழுந்துவிடும். அன்று சுற்றிக்கொண்டு குன்றைக் கடந்தேன். கடந்ததும் என் கால் ஒரு பாதையில் பட்டது.

அது புதுப் பாதை. கன்றுகள் தரையோடு தரையாக வெட்டப்பட்டிருந்தன. பாசி படர்ந்த கற்கள் ஓரமாக உருட்டி வைக்கப்பட்டிருந்தன. ஈரமான இடங்களில் பலகை போடுவதற்காக முளைகூட அடித்திருந்தது. குன்றின் அடியில் தொடங்கி இருநூறு மீட்டர், நேராக என் சதுப்பை நோக்கிப் போயிற்று. குடிலிலிருந்து பார்த்தால் தெரியாதபடி, குன்றுக்குச் சதுப்புப் பக்கம் மட்டும் வெட்டியிருந்தார்கள். வேலை நேர்த்தியான வேலை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் அதன் மேல் நடந்து போனேன். பாதை முடியும் இடத்தில், சதுப்பின் விளிம்பில், புயலில் சாய்ந்த பெரிய ஊசியிலை மரம் ஒன்று குறுக்கே கிடந்தது. அதன் அடியில் ரெய்னோ கிடந்தார்.

வில் ரம்பத்தால் அவர் மரத்தை ஒரு பக்கம் அறுத்து முடித்ததும் அது உருண்டு, இரு கால்களையும் முழங்காலுக்குக் கீழே பாசிக்குள் அழுத்திவிட்டது. ரம்பம் கைக்கு எட்டாத தூரத்தில் கிடந்தது. கைப்பேசியைக் குடிலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

“வாய்யா தௌனோ! திருடன் பொறியில மாட்டிக்கிட்டான், வந்து பாரு.”

“இங்கே என்ன செய்றீங்க, ரெய்னோ?” என்று கேட்டேன்.

“பாத்தா தெரியல? மரத்தப் போத்திக்கிட்டுப் படுத்திருக்கேன்.” சிரித்தார். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டே சிரித்தார். “ஹெல்மிக்கு அடுத்த வாரம் அறுபது முடியுது. இடுப்பு வலிக்காரி. ஒரு தடவையாவது தன் கையால ஹில்லா பறிக்கணும்னு எத்தன வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கா. நீயா சொல்லப்போறே? அதான் போன வருஷம் உன் பூட்ஸ் தடத்த மோப்பம் புடிச்சே வந்துட்டேன். கோவிச்சுக்காத. அவகிட்டயும் சொல்லிடாத, பொறந்த நாளைக்குக் கண்ணக் கட்டிக் கூட்டிட்டு வரப்போறேன்.”

“எவ்வளவு அகலம் வெட்டறீங்க?”

“ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நடக்கிற அகலம். அவ கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரணும்லய்யா.”

நான் பாதையைத் திரும்பிப் பார்த்தேன். ஒன்றே கால் மீட்டர் இருக்கும். இரண்டு பேர் நடக்கும் பாதையில் இருபது பேரும் நடப்பார்கள்.

அவர் மேலும் ஒரு யோசனை சொன்னார். அதைப் பின்னர் உரிய இடத்தில் குறிப்பிடுகிறேன். நான், ஆள் கூட்டி வருகிறேன் என்றேன். அது பொய்யல்ல, அந்த நிமிடத்தில் அதுதான் என் எண்ணமும். ஆனால் நான் வந்தது பழத்துக்காக. பழம் அன்றுதான் சரியாகப் பழுத்திருந்தது. வெறும் வாளியோடு திரும்புவது முறையாகப் படவில்லை. எனவே முதலில் பறித்தேன். அவர் கிடந்த இடத்திலிருந்து இருபது அடி தூரம்தான்.

முதலில் அவர் அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். “அடப்பாவி, பழம்தான் முக்கியமா உனக்கு? சரி, வாளி ரொம்பட்டும்” என்றார். அரை மணி நேரம் கழித்து, “தௌனோ, போதும்யா. கால்ல உணர்ச்சியே இல்ல” என்றார். இன்னும் சற்று நேரம் கழித்து, “தௌனோ?” என்றார். பெயரை மட்டும். அதன் பிறகு அவர் வேடிக்கையாக எதுவும் பேசவில்லை.

வாளி நிறைந்ததும் வீட்டுக்கு நடந்தேன். நடக்கையில் யோசித்தேன். ஆள் அழைத்தால் மீட்புப் படை வரும். இருபது பேர், தூக்குப்படுக்கை, இழுவை வண்டி. வண்டிக்காகப் பாதையை இன்னும் அகலமாக்குவார்கள். அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளும். மனிதனுடைய கால் ஆறு வாரத்தில் ஆறிவிடும், பாதை ஆறாது. ஆகவே பாதையை முதலில் மூடிவிட்டு, அதன் பின் ரெய்னோ எங்கோ வேறு பக்கம் விழுந்து கிடந்ததாக ஆள் அழைப்பது என்று முடிவு செய்தேன். அவரைச் சற்று நகர்த்தி வைக்கலாம் என்றும் நினைத்தேன். பாதையை மூட எவ்வளவு காலம் ஆகும் என்ற என் கணிப்புதான் தவறிவிட்டது. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

மாலை ஹெல்மி அம்மையார் என் வாசலுக்கு வந்தார்.

“தௌனோ, இவரப் பாத்தீங்களா? காலையில போனவரு சாப்பிடக்கூட வரல. வாளியையும் எடுத்துட்டுப் போயிருக்காரு.”

“ஹில்லாவுக்குத்தான் போயிருப்பாரு. கிழக்குக் கரைப் பக்கம் போனதப் பாத்தேன்” என்றேன்.

அவர் முகம் வெளிறியிருந்தது. எனக்கு இரக்கமாக இருந்தது. அன்று பறித்த பழத்தில் ஒரு கிண்ணம் எடுத்து, சர்க்கரை தூவி, நின்றுகொண்டிருந்தவர் கையில் கொடுத்தேன். காலையிலிருந்து எதுவும் சாப்பிடாதவர்; நின்றபடியே முழுவதையும் சாப்பிட்டார். “பொன்னாட்டம் பழுத்திருக்கு” என்றார். எங்கே பறித்தது என்று கேட்கவில்லை. நல்ல குடும்பத்துப் பெண்மணி.

மறுநாள் காலை தேடத் தொடங்கினார்கள். படைவீரர்கள் வந்தார்கள், முக்குளிப்போர் ஏரிக்குள் இறங்கினார்கள், ஊர் ஆண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். தேடுதல் தலைவர் வெளியூர்க்காரர். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஆள்களை ஒதுக்க முயன்றார். நம்மவர்கள் விடவில்லை.

“அந்த மூலைய நான் பாத்துக்கறேன், பழக்கமான எடம்” என்றார் அஞ்சல்காரர்.

“அங்க எதுக்குப் பத்துப் பேரு? சேறு. நான் ஒருத்தன் போதும்” என்றார் மாட்டுப்பண்ணைக்காரர்.

ஒவ்வொருவரும் தத்தம் சதுப்பைத் தாமே தனியாகத் தேடுவதாக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு மனிதனின் உயிர் ஊசலாடுகையிலும் ஹில்லா இடத்தைக் காட்டிக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. நானும், குன்றுக்குப் பின்பக்கத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தலையசைத்தார்கள். அஞ்சல்காரர் கண்ணடிக்கக்கூடச் செய்தார். இதில் நான் ஒருவன் மட்டும் குற்றவாளி என்று எழுதுவது அவ்வளவு பொருத்தமாக இராது.

இவ்வாறு அந்தக் கட்டம் சட்டப்படி என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. நான் பாதையை மூடினேன். கன்றுகளை வேரோடு பெயர்த்து வந்து நட்டேன். வெட்டிய அடிக்கட்டைகள் மேல் பாசியைப் பெயர்த்துப் போர்த்தினேன். உருட்டிய கற்களை மறுபடி உருட்டினேன். மழை வேறு துணைக்கு வந்து மோப்ப நாய்களை ஏமாற்றியது, அவர் குரலையும் அமுக்கியது. பாதையை வெட்டுவதைவிட மூடுவதற்கு மூன்று மடங்கு உழைப்பு வேண்டும். வேலையின் நடுவே, இரண்டாம் நாள், ரெய்னோவுக்கு ஹில்லா ஒரு கைப்பிடி கொடுத்தேன். வாயில் வைத்து ஊட்டினேன். நான் கல்நெஞ்சக்காரன் அல்லன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தௌனோ, எடத்த யார்கிட்டயும் சொல்லமாட்டேன். ஹெல்மி மேல சத்தியம்” என்றார். அவர் நிறையப் பேசுகிற மனிதர் என்பதை முன்னரே குறிப்பிட்டிருக்கிறேன்.

மூன்றாம் நாள் மதியம் சத்தம் நின்றுவிட்டது. இன்னும் முப்பது மீட்டர் மூட வேண்டியிருந்தது. அதையும் முடித்தேன். அண்டங்காக்கைகள் சில கூடின. எல்லாரும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

ஹெல்மி அம்மையார் குடிலை விற்றுவிட்டுத் தம் நகர வீடு உள்ள காஜானிக்கே போய்விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போகவில்லை. குளிர்காலம் நகரத்தில், பனி உருகியதும் குடிலுக்கு வந்துவிடுவார். தினமும் தேடப் போவார். கையில் ஒரு தடி, தோளில் ஒரு பை, பையில் ரெய்னோவின் மாற்றுக் காலுறை. ஈரக் காலுறையோடு இருப்பாரே என்று. முதல் ஆண்டே இருமுறை விழுந்தார். இரண்டாம் முறை இடுப்பில் அடி. அவரை அந்த நிலையில் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. அவர் நடப்பதற்காக நான் பாதை வெட்டத் தொடங்கினேன்.

இந்தப் பகுதியைத் தாங்கள் பொறுமையோடு படிக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். பதினொரு ஆண்டுகளில் ஏழு பாதைகள். மொத்தம் ஒன்பது கிலோமீட்டர். யாரிடமும் உதவி கேட்கவில்லை. அடிக்கட்டை ஒன்றுகூடத் துருத்தி நிற்காது. வெட்டிய கிளையின் முனை பாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்காது. கிழக்குக் கரைக்கு ஒன்று, பழைய வைக்கோல் நிலத்துக்கு ஒன்று, ஓடையோரம் ஒன்று. ஒரு பாதை முடிந்ததும், குடில் சுவரில் தொங்கிய வரைபடத்தில் அதைச் சிவப்புப் பென்சிலால் வரைவேன். அவர் ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்திருப்பார். காபி குடித்துக்கொண்டே, இனி எந்தப் பக்கம் தேடலாம் என்று இருவரும் பேசுவோம்.

“நீங்க மட்டும் இல்லேன்னா நான் முள்ளுல மாட்டின ஆடு கணக்கா நின்னுருப்பேன், தௌனோ” என்பார்.

“ஆடு இவ்வளவு நல்லா ரொட்டி சுடாது” என்பேன்.

அவர் சிரிப்பார். ரெய்னோ போன பிறகு அவரைச் சிரிக்கவைத்த ஒரே மனிதன் நான்தான் என்று நினைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் ஜூலைக் கடைசியில் அவருக்கு ஒரு கிண்ணம் ஹில்லா கொண்டுபோய்க் கொடுப்பேன். அதே சதுப்பில் பறித்ததுதான். பழம் வேறெங்கும் அவ்வளவு சீக்கிரம் கிடைக்காது. அந்தச் சாய்ந்த மரத்தைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் தாண்டுவேன்.

இந்த ஆண்டும் கொண்டுபோனேன். அவர் கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்தார். சாப்பிடவில்லை. பழத்தைப் பார்த்தார், பிறகு சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார்.

“அன்னிக்குத் தேடப்போன ஒருத்தர நேத்து கடையில பாத்தேன்” என்றார். “பழைய பேச்சு பேசிக்கிட்டிருந்தோம். அந்த வாரம் கிழக்குக் கரையில ஹில்லா எல்லாமே செவப்பா, கல்லு மாதிரி காயா இருந்துச்சாம். ஒரு பழம் இல்லையாம்.”

“இருக்கலாம்ங்க. ஞாபகம் இல்ல.”

“பழமில்லாத பக்கத்துக்கு ரெய்னோ எதுக்கு வாளியோட போறாரு? அன்னிக்குச் சாயங்காலம் நீங்க எனக்குக் குடுத்த பழம் பொன்னாட்டம் இருந்துச்சு. நான் நின்னுக்கிட்டே தின்னேன்.” கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். “தௌனோ, அந்தப் பழம் எங்க பறிச்சது?”

அம்மையீர், என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அவருக்காக நான் வெட்கப்பட்டேன்.

“அதக் கேக்கறது முறையில்லைங்க” என்றேன்.

“முறையா? பதினோரு வருஷமா முறை பாத்துத்தானே வாய மூடிக்கிட்டு இருந்தேன்.” எழுந்து போய் வரைபடத்தில் விரலை வைத்தார். குன்றும் அதன் பின்புறமும் முட்டை வடிவத்தில், சிவப்புக் கோடே விழாமல், வெள்ளையாக இருந்தன. “இதப் பாரு. நீ போட்ட பாதை ஏழும் இந்த ஒரு எடத்துக்கு முதுகக் காட்டிக்கிட்டு ஓடுது. காஞ்ச மேட்ட விட்டுட்டுச் சேத்துல சுத்திப் போகுது. ஏன்டா? அங்க என்ன இருக்கு?”

அவர் என்னை ஒருமையில் அழைத்தது அதுவே முதல் முறை.

“அங்க ஒண்ணும் இல்லைங்க.”

“ஒண்ணும் இல்லேன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் அன்றே தங்களிடம் வந்திருக்கலாம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் தின்ற ஒரு கிண்ணம் பழத்தை நம்பி யார் காட்டைத் தோண்டுவார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. மறுநாள் காலை சௌனாவின் பின்னால் கத்திரிச் சத்தம் கேட்டது. ரெய்னோவின் நீளப்பிடிக் கிளைக்கத்திரியை எடுத்துக்கொண்டு, எழுபத்தொரு வயதில், குன்றை நோக்கி அவரே பாதை வெட்டிக்கொண்டிருந்தார்.

நான் சன்னலிலிருந்து பார்த்தேன். ஒரு நாளைக்கு நான்கு மீட்டர். நல்ல நாளில் ஐந்து. சௌனாவிலிருந்து அந்த மரம் வரை அறுநூற்று நாற்பது மீட்டர். அக்டோபரில் பனி விழும். அதற்குள் அவர் முந்நூற்றைம்பதைக்கூட எட்டமாட்டார். குன்றின் இந்தப் பக்கத்திலேயே நின்றுவிடுவார். அடுத்த ஆண்டு அவருடைய இடுப்பு அனுமதிக்காது. அதாவது, நான் எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும். எதுவும் செய்யாமல் இருப்பது எனக்குப் பழக்கமானதுதான்.

ஆனால் அவர் வெட்டிய விதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. குனிய முடியாததால் கன்றுகளைக் கணுக்கால் உயரத்தில் சாய்வாக வெட்டினார். அடிக்கட்டைகள் ஈட்டி போல நின்றன. வெட்டிய கிளைகளை அங்கேயே விட்டார். ஒன்பதாம் நாள் அவற்றில் தடுக்கி விழுந்தார். எழுந்திருக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. முதலில் முழங்காலில் நிற்க முயன்றார், பிறகு ஒரு பைன் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மெல்ல ஏறினார். என் சன்னலைத் திரும்பிப் பார்த்தார். கூப்பிடவில்லை. எழுந்ததும் கத்திரியைத் தேடி எடுத்து, அந்த நாளுக்குரிய மிச்ச ஒரு மீட்டரையும் வெட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்.

அன்று மாலை என் அரிவாளைத் தீட்டினேன். மறுநாள் விடிந்ததும் சுற்றுவழியாகச் சதுப்புக்குப் போய், அந்த முனையிலிருந்து அவரை நோக்கி வெட்டத் தொடங்கினேன்.

பத்தொன்பது நாள் உழைத்தேன். நானே நட்ட கன்றுகள் என் உயரத்துக்கு இரு மடங்கு வளர்ந்திருந்தன. ஒவ்வொன்றையும் தரையோடு தரையாக எடுத்தேன். ஈரமான இடங்களில் ரெய்னோ அடித்த முளைகள் உறுதியாகவே இருந்தன. அவற்றின் மேல் பலகை போட்டேன். குன்றின் சரிவில், அவருடைய வலது கைக்கு வாகாகக் கைப்பிடிக் கம்பு கட்டினேன். நூறு மீட்டருக்கு ஒரு விசிப்பலகை. அகலம் ஒன்றே கால் மீட்டர். ரெய்னோ தொடங்கிய அகலத்தை மாற்ற எனக்கு உரிமையில்லை என்று பட்டது.

கடைசியாக அந்த மரம் இருந்தது. அது பாதையின் குறுக்கே கிடந்ததால் எடுத்தாக வேண்டும். அதன் கீழ் ரப்பர் பூட்ஸ் இரண்டும், எலும்புகளும், துருப்பிடித்த ரம்பமும், வாளியும் இருந்தன. அவற்றை நான் தொடவில்லை. முன்னர் பிறகு சொல்வதாக எழுதிய ரெய்னோவின் யோசனையை இங்கே குறிப்பிடுகிறேன். அன்று அவர், “ஆளு எதுக்குய்யா? அந்த ரம்பத்த எடுத்து இந்தப் பக்கம் ஒரு அறு அறுத்துவிடு, நானே எந்திரிச்சுக்கறேன்” என்றார். அவர் காட்டிய அதே இடத்தில் இப்போது அறுத்தேன். கடிகாரம் பார்த்தேன். பதினான்கு நிமிடம் ஆயிற்று. மரம் உளுத்திருந்தது. அன்று பச்சை மரம். இருபது நிமிடம் பிடித்திருக்கும்.

ரெய்னோவின் சாவுக்குக் காரணம் விபத்து என்று தங்கள் குறிப்பில் முதலில் எழுதியிருந்தீர்கள். அதைத் திருத்திக்கொள்ளலாம். ரம்பம் என் காலடியில் கிடந்தது. எனக்கு அறுக்கத் தெரியும். மூன்று நாள் அவர் உயிரோடு இருந்தார். நான்தான் அவரைச் சாகவிட்டேன், தெரிந்தே விட்டேன். இதைத் தெளிவாக எழுத வேண்டும் என்றீர்கள், எழுதிவிட்டேன்.

வேலை முடிந்த மறுநாள் காலை வெள்ளைச் சட்டை அணிந்து, முகச்சவரம் செய்து, காபி போட்டுவைத்துச் சன்னலருகே உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு அவர் கத்திரியோடு வந்தார். முந்தைய நாள் அவர் விட்ட புதருக்கு அப்பால் இனி புதரே இல்லை என்பதைக் கண்டார். அப்படியே நின்றார். திறந்து கிடந்த பாதையை வெகுநேரம் பார்த்தார். பிறகு கத்திரியைக் கீழே போட்டார். பையிலிருந்து அந்தக் காலுறையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஒரு முறை திரும்பி என்னைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். இருவரும் சேர்ந்து நடக்கும் அகலம் இருந்தது. பதினொரு ஆண்டுகள் சேர்ந்துதானே தேடினோம். அவர் கூப்பிடவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பாதையின் நடுவில், தனியாகவே நடந்து போனார். என் கணக்குப்படி அவருக்கு இருபத்தைந்து நிமிடம் ஆகியிருக்க வேண்டும். பதினாறாவது நிமிடத்திலேயே சதுப்பிலிருந்து சத்தம் கேட்டது. அப்படியானால் அவர் எந்த விசிப்பலகையிலும் உட்காரவில்லை.

இத்துடன் நான் சொல்ல வேண்டியவை முடிந்தன. தண்டனை எதுவாயினும் ஏற்கிறேன். பிர்ச் வேர்கள் அடுத்த கோடையில் மறுபடி துளிர்க்கும். அவற்றை ஜூலையில் வெட்டுமாறு யாரிடமாவது சொல்லிவைப்பது நல்லது. ஹெல்மி அம்மையாரைத் தாங்கள் நேற்று விசாரித்ததாக அறிகிறேன். அவர் என்னென்ன சொன்னார் என்று கேட்பது முறையல்ல, கேட்கவும் மாட்டேன். பாதை நன்றாக இருந்தது என்று சொன்னாரா என்பதை மட்டும் தெரிவித்தால் மிகவும் கடமைப்பட்டவனாவேன்.